லாரி ரேடியேட்டர் தொழிற்கூடத்தைச் சீர்செய்வது எப்படி? லீக் டெஸ்ட் தொட்டியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கனரக லாரிகளுக்கு ரேடியேட்டர், இன்டர்கூலர் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது), ஆயில் கூலர் செய்துகொடுக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணூரிலும் ஓசூரிலும் அசோக் லேலண்ட், ஒரகடத்தில் பாரத்பென்ஸ் என்று பெரிய வாடிக்கையாளர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆர்டர் வருகிறது, ஃபர்னஸ் ஓடுகிறது, ஓவர்டைமும் கொடுக்கிறீர்கள். ஆனாலும் வருடக் கடைசியில் கையில் ஒன்றும் தங்கவில்லை.

இந்த நிலையில் முதலாளிகள் வழக்கமாக மூன்று வேலைகளில் ஒன்றைச் செய்வார்கள். புது மெஷினுக்குக் கடன் வாங்குவார்கள், இன்னொரு சான்றிதழுக்குக் கன்சல்டன்ட் வைப்பார்கள், அல்லது ரேட் கூட்டிக் கேட்டு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் அலுவலக வாசலில் உட்காருவார்கள். மூன்றுமே தேவைப்படலாம், ஆனால் பிறகு. திரவமோ காற்றோ ஓடும் டியூப்கள், அவற்றுக்கிடையே சூட்டை வெளியேற்றும் மடிப்புத் தகடான ஃபின், டியூப் முனைகள் நுழையும் ஹெடர் தகடு மூன்றும் சேர்ந்த நடுப்பகுதிதான் கோர். இந்தத் தொழிலில் அது எங்கே லீக் ஆகிறதோ அங்கேதான் பணமும் போகிறது. அதனால் இந்த வழிகாட்டி, காற்றடைத்த கோரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்க்கும் லீக் டெஸ்ட் தொட்டியில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி ஃபர்னஸுக்கும் முன்னோக்கி விலைப் பேச்சுக்கும் போகிறது. வரிசையை மாற்றாமல் செய்தால் பலன் அதிகம்.

படி 1: ரீவொர்க்கை (திருத்தி மறுபடி தேற்றும் வேலையை) ஒளிக்காத ஓர் எண்ணை எடுங்கள்

“ரிஜெக்ஷன் எவ்வளவு?” என்று கேட்டால் இரண்டு, மூன்று சதவீதம் என்றுதான் பதில் வரும். அது ஸ்க்ராப்பில் போனது மட்டும். ஃபர்னஸிலிருந்து வந்த 100 கோர்களில் 10 தொட்டியில் குமிழ் விட்டு, ஆர்கான் வாயுவில் வெல்டிங் செய்யும் டிக் வெல்டர் கைக்குப் போய், அடைபட்டு, மறுபடி தொட்டிக்கு வந்து தேறினால், அந்தப் பத்தும் ரிப்போர்ட்டில் நல்ல கோராகவே நிற்கும்.

எடுக்க வேண்டியது ஒவ்வொரு நிலையிலும் முதல் தடவையிலேயே, யாரும் கை வைக்காமல் தேறியவை எத்தனை என்ற கணக்கு. ஒரு மாதிரிக் கணக்கு: கோர் அசெம்பிளியில் 98 சதவீதம், பிரேசிங்கில் (ஃபர்னஸில் சூடேற்றி ஒட்டுவதில்) 90, டேங்க் கிரிம்பிங் (பல் மடித்துப் பொருத்துவது) அல்லது வெல்டிங்கில் 96, கடைசி லீக் டெஸ்டில் 97. தனித்தனியாகப் பார்த்தால் மோசமில்லை. நான்கையும் பெருக்குங்கள், ஏறக்குறைய 82 வரும். அதாவது, வெளியே போகும் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு ஏதோ ஓரிடத்தில் இரண்டாம் முறை கைபட்டுத்தான் போகிறது. ஆர்கான், ஃபில்லர் ராடு, வெல்டர் நேரம், இரண்டாவது டெஸ்ட், வரிசையில் காத்துக்கிடக்கும் கோர் எல்லாமே செலவு. இவை கணக்குப் புத்தகத்தில் ‘நுகர்பொருள்’, ‘சம்பளம்’ என்ற தலைப்புகளுக்குள் கரைந்துபோவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பல தொழிற்கூடங்களில் அதிக மரியாதை லீக் அடைக்கும் வெல்டருக்குத்தான். அவர் திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எவ்வளவு வேகமாக அடைக்கிறாரோ, அவ்வளவு காலம் ஃபர்னஸில் இருக்கும் கோளாறு வெளியே தெரியாது. அவர் அடைக்கும் ஒவ்வொரு லீக்கையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் எந்த ஆடிட் ரிப்போர்ட்டையும்விட உபயோகமானது. எழுதினால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கக்கூடாது. முதல் மாதம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், அதற்காக யாரையும் திட்டாதீர்கள்.

படி 2: டெஸ்ட் பெஞ்ச் பொய் சொல்கிறதா என்று பாருங்கள்

அளவுகோல் சரியில்லாமல் எதையும் திருத்த முடியாது. தண்ணீர்த் தொட்டி முறையில் பலவீனம் ஆளின் கண். வெளிச்சம் போதாமை, கலங்கிய தண்ணீர், ஃபின்னில் ஒட்டிநிற்கும் காற்றுக் குமிழ், ஷிப்ட் முடியும் நேரத்து அவசரம் ஆகியவை முடிவை மாற்றும். தொட்டிக்கு அடியிலும் பக்கத்திலும் விளக்கு, வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுவது, அமுக்கியதும் ஒரு குலுக்குக் குலுக்கிக் காத்திருக்கும் நேரத்தை டைமர் வைத்துக் கட்டாயமாக்குவது: மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

காற்றழுத்தம் இறங்குவதைக் கருவியால் அளக்கும் முறையில் சிக்கல் வேறு. வெப்பநிலை மாறினால் அழுத்தமும் மாறும். 2 பார் கேஜ் அழுத்தத்தில் நிறுத்திய கோருக்குள் இருக்கும் காற்று 1 டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் சுமார் 10 மில்லிபார் இறங்கும். லீக்கே இல்லாத கோர் லீக் என்று வரும். டிக் வெல்டிங் முடிந்த கையோடு சூடாக டெஸ்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால், உங்கள் ரிஜெக்ஷனில் ஒரு பகுதி இந்தக் கற்பனை லீக்தான். தலைகீழாகவும் நடக்கும்: குளிர்ந்த பொருள் அறைச் சூட்டுக்கு ஏறும்போது அழுத்தம் கூடி, உண்மையான சிறு லீக்கை மறைத்துவிடும். காற்றை வேகமாக நிரப்பும்போதும் அது சூடாகிறது. ஆகவே நிரப்பியபின் நிலைப்படக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து உற்பத்தி காட்ட முயலாதீர்கள். இன்டர்கூலர் போலக் கொள்ளளவு பெரிதான பொருளில் இது இன்னும் முக்கியம். கொள்ளளவு கூடக்கூட அதே அளவு லீக் காட்டும் அழுத்த வீழ்ச்சி சிறியதாகிவிடும்.

ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது, அளவு தெரிந்த துளை பொருத்திய மாஸ்டர் (சோதனைக்கான மாதிரிக் கோர்) ஒன்றையும் லீக்கே இல்லாத மாஸ்டர் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். முதலாவது பாஸ் ஆனாலோ இரண்டாவது ஃபெயில் ஆனாலோ பெஞ்சை நிறுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தால்தான் அடுத்த படிக்கு அர்த்தம் உண்டு.

படி 3: லீக் வரைபடம் போடுங்கள்

ஒவ்வொரு மாடலுக்கும் இரு பக்க ஹெடரையும் கோரையும் ஏ3 தாளில் படமாக அச்சிட்டுத் தொட்டிக்கு மேலே மாட்டுங்கள். லீக் வந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் தேதி, ஷிப்ட், முடிந்தால் ஃபிக்ஸ்சர் (கோரை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) எண். கம்ப்யூட்டர் வேண்டாம், பேனா போதும். ஒரு மாதம் ஓடினால் புள்ளிகள் ஓர் உருவம் எடுக்கும்.

நான்கு மூலைகளில் புள்ளிகள் குவிந்தால் முதலில் ஃபிக்ஸ்சரைச் சந்தேகியுங்கள். பலநூறு தடவை ஃபர்னஸுக்குள் போய்வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் வளைந்திருக்கும், மூலைகளில் அழுத்தம் போதாது, டியூபுக்கும் ஹெடருக்கும் இடைவெளி விழும். ஒரே பக்கம் மட்டும் குவிந்தால் ஃபர்னஸின் அந்தப் பக்கச் சூடு, அல்லது நைட்ரஜன் ஓட்டம். வரிசையில் எப்போதும் அதே டியூப் என்றால் ஹெடர் டையில் அந்த ஒரு பஞ்ச் தேய்ந்திருக்கும். டியூபின் நீளவாட்டில் வந்தால் உங்கள் பிரேசிங்கைக் குறைசொல்வதற்கு முன் டியூப் மில்லின் வெல்டைப் பாருங்கள். எந்த உருவமும் இல்லாமல் அம்மைபோட்டதுபோல் எங்கும் சிதறிக்கிடந்தால் ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கத் தெளிக்கும் பொடி), சுத்தம், ஃபர்னஸ் வளி (உள்ளே இருக்கும் வாயு) ஆகியவற்றில் ஒன்று.

காலை 10 நிமிடக் கூட்டத்தை ஆபீஸ் அறையில் வைக்காமல் இந்தத் தாளுக்கு முன்னால் வையுங்கள். டூல் ரூம் ஆள், ஃபர்னஸ் ஆப்பரேட்டர், வெல்டர், குவாலிட்டி ஆள் நால்வரும் நின்றுகொண்டே பேசட்டும். உட்கார்ந்தால் கூட்டம் ஒரு மணி நேரமாகிவிடும். வேலை செய்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் இந்தப் படத்தாளின் அருமை கூடும். படிக்கவேண்டிய தேவையே இல்லை.

படி 4: ஃபர்னஸ்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அலுமினியக் கோரை நைட்ரஜன் சூழலில் பிரேஸ் செய்யும் முறையை விளக்கத் தேவையில்லை, ஆனால் அதன் எண்களைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் தொழிற்கூடங்கள் குறைவு.

டியூபும் ஹெடரும் 3003 என்ற அலுமினியக் கலவை வகை நடுத்தகடு. அதன்மேல் சிலிக்கான் கலந்த 4343 அல்லது 4045 மேல்பூச்சுத் தகடு. மேல்பூச்சு 577 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். நடுத்தகடு 640 டிகிரிக்கு மேல்தான் உருகும். இந்த இடைவெளிக்குள்தான் மொத்தத் தொழிலும் நடக்கிறது. ஃப்ளக்ஸ் அதற்குச் சற்று முன்னால், 565 டிகிரி வாக்கில் உருகி, அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை விலக்கிவிட வேண்டும். கோரின் எல்லாப் பகுதியும் 595 முதல் 605 டிகிரிக்குள் வந்து, சில நிமிடங்கள் மட்டும் இருந்து, இறங்க வேண்டும். குறைந்தால் இணைப்பு பிடிக்காது. கூடினாலோ நேரம் நீண்டாலோ, உருகிய சிலிக்கான் டியூபின் மெல்லிய சுவரையே அரித்துவிடும். அந்தக் கோர் அன்றைக்கு டெஸ்டில் தேறும், ஆறு மாதம் கழித்துச் சாலையில் ஓட்டை விழும். ஆகவே லீக் வந்தால் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது என்ற ஆப்பரேட்டர் வைத்தியத்தை முற்றாக நிறுத்துங்கள்.

ஃபர்னஸ் பேனலில் தெரியும் எண் ஃபர்னஸின் சூடு, கோரின் சூடு அல்ல. லாரி கோர் பெரியது. கனமான ஹெடர் மெதுவாகச் சூடாகும், ஃபின் சட்டென்று சூடாகிவிடும். ஒரு கோரில் குறைந்தது ஆறு இடங்களில் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) கட்டி, டேட்டா லாகரோடு உள்ளே அனுப்பி, உண்மையான வரைகோட்டை எடுங்கள். மாடல் மாறினால் மறுபடி எடுங்கள். பெல்ட் மோட்டாரோ ஹீட்டரோ மாற்றினாலும் எடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் பெல்ட் வேகத்தைத் தனியாகப் பூட்டுங்கள். இரண்டு மாடல்களை ஒரே வேகத்தில் கலந்து அனுப்புவது வசதிதான், ஆனால் சின்னக் கோர் அதிகம் வெந்து பெரிய கோர் அரைவேக்காடாக வரும்.

வளியைப் பொறுத்தவரை ஆக்சிஜன் 100 பி.பி.எம்முக்குக் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழே, பனிநிலை (வாயுவிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே. இரண்டையும் தொடர்ந்து அளக்கும் கருவி இல்லையென்றால், நீங்கள் வாங்க வேண்டிய முதல் உபகரணம் அதுதான், புது ஃபின் மில் அல்ல. மழைக்காலத்தில் மட்டும் ரிஜெக்ஷன் ஏறுகிறதா? ஃபர்னஸுக்கு வெளியே ஈரத்தைத் தேடுங்கள். ஃப்ளக்ஸ் தெளித்தபின் உலர்த்தும் அடுப்பில் தண்ணீர் முழுசாகப் போகிறதா, அசெம்பிள் செய்த கோர்கள் இரவு முழுக்க ஷெட்டில் திறந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மிச்ச ஈரம் இணைப்பைக் கெடுப்பதோடு நிற்காது. சூட்டில் ஃப்ளக்ஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயுவைக் கிளப்பும். ஃபர்னஸ் வாயில் நிற்கும் ஆள் அதைத்தான் சுவாசிப்பார். எக்ஸாஸ்டும் ஸ்கிரப்பரும் வேலை செய்கின்றனவா என்பதை ஆடிட் வரும் நாளில் மட்டும் பார்க்காதீர்கள்.

ஃப்ளக்ஸ் அளவு சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் என்பது பொதுவான வரம்பு. கோரைத் தெளிப்பதற்கு முன்னும் உலர்த்தியபின்னும் எடைபோட்டால் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறைகூட எடைபோடாமல், தெளிப்பு முனை அடைத்துக்கொண்டது தெரியாமல் நாட்கணக்கில் ஓட்டுவது மிகச் சாதாரணம். இன்னொரு எச்சரிக்கை: பக்கச் சட்டத்துக்கு வலுவான கலவை வேண்டும் என்று மக்னீசியம் அதிகமுள்ள தகட்டை வாங்கிவிட்டால் ஃப்ளக்ஸ் அதனிடம் தோற்றுவிடும். பர்ச்சேஸ் ஆள் விலை பார்த்துத் தகடு மாற்றும்போது ஃபர்னஸ் ஆளின் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஹெடரின் மேல்பூச்சுப் பக்கத்தை மாற்றிவைத்து அசெம்பிள் செய்வதும் நடக்கும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். டையிலேயே ஒரு மூலையில் சின்ன வெட்டுக் கொடுத்து, ஃபிக்ஸ்சரில் அதற்கு ஒரு பின் வைத்துவிட்டால் தப்பாக வைக்கவே முடியாது.

படி 5: திரும்பிவந்ததை அறுத்துப் பாருங்கள்

வாரண்டியில் டெபிட் நோட் (பழுதான பொருளுக்குப் பணம் பிடித்தம் செய்யும் சீட்டு) வந்தால் தொகையைப் பார்த்துச் சண்டை போடுவதோடு விட்டுவிடுகிறோம். பொருளைக் கேளுங்கள், வரவழையுங்கள், வந்ததும் முதலில் லீக் டெஸ்ட், பிறகு ரம்பம். டியூப்–ஹெடர் இணைப்பைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, பெரிதாக்கிப் பார்த்தால் இணைப்பு நிறைந்திருக்கிறதா, பாதிதான் பிடித்திருக்கிறதா, சுவர் மெலிந்திருக்கிறதா என்பது தெரியும்.

வெட்டிப் பார்க்கும்போது சில வகைகள் திரும்பத்திரும்ப வரும். ஓரத்து டியூப்களில் ஹெடரை ஒட்டி விரிசல் என்றால் வெப்பச் சோர்வு. குளிர்ந்த ரேடியேட்டருக்குள் தெர்மோஸ்டாட் திறந்ததும் சூடான கூலன்ட் பாய்கிறது. டியூப் நீள்கிறது, பக்கச் சட்டம் நீள மறுக்கிறது, இழுபறி ஓரத்து இணைப்பில் விழுகிறது. பிரேசிங்குக்குப் பின் பக்கச் சட்டத்தில் ஓர் இடத்தில் வெட்டு விடுவது இதற்குப் பழைய தீர்வு. இன்டர்கூலரில் வேறு கதை. டர்போவிலிருந்து வரும் காற்று 150 டிகிரிக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு ஏற்றத்திலும் கியர் மாற்றத்திலும் அழுத்தமும் சூடும் துள்ளும். நுழைவுப் பக்க ஹெடர் மூலையில்தான் முதல் விரிசல்.

உள்ளிருந்து குழிகுழியாக அரித்திருந்தால் கூலன்டைச் சந்தேகியுங்கள். வழியில் வற்றியதென்று டிரைவர் போர் தண்ணீரை ஊற்றியிருப்பார். பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டர் பொறுத்துக்கொண்ட குளோரைடை அலுமினியம் பொறுக்காது. இது உங்கள் குற்றமில்லை, ஆனால் “எங்கள் குற்றமில்லை” என்று மெயில் எழுதுவதோடு நின்றால் அடுத்த டெபிட் நோட்டும் வரும். தண்ணீர்ப் பக்கத்தில் 7072 கலவைப் பூச்சு உள்ள டியூபை வாடிக்கையாளருக்கு முன்மொழியலாம். அந்தப் பூச்சு தான் முதலில் அரிபட்டு நடுத்தகட்டைக் காக்கும். மூடிக்குப் பக்கத்தில் ‘கூலன்ட் மட்டும்’ என்று தமிழிலும் இந்தியிலும் படத்தோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

பிளாஸ்டிக் டேங்க் விரிசல், கிரிம்ப் பல் விலகல், கேஸ்கட் முறுக்கல் ஆகியவை எளிதில் பிடிபடும், அவற்றில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. கிரிம்ப் உயரத்தை ஷிப்டுக்கு ஒருமுறையாவது அளங்கள்.

சாலையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள நாமக்கல், சங்ககிரி பக்கத்து ரேடியேட்டர் ஒர்க்ஷாப்களில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பொருள், போட்டியாளர் பொருள், டூப்ளிகேட் எல்லாம் பக்கம்பக்கமாகக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று மேஸ்திரி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

படி 6: சரக்கைத் தேங்கவிடாதீர்கள்

லீக் குறைந்தபின் பார்க்க வேண்டியது ஓட்டம். பெரும்பாலும் முட்டுக்கட்டை ஃபின் மில்தான். ரோல் மாற்ற நேரமாகிறது என்பதற்காக ஒரே ஃபின்னை ஒரு வாரத்துக்கு அடித்துக் குவிக்கிறார்கள். குவிந்த ஃபின் நசுங்குகிறது, தூசு படிகிறது, மாடல் மாறினால் ஸ்க்ராப் ஆகிறது. ரோல் மாற்றுவதை வீடியோ எடுத்துப் பாருங்கள். பாதி நேரம் ஸ்பானர் தேடுவதிலும், அடுத்த ரோலை ஸ்டோரிலிருந்து கொண்டுவருவதிலும் போயிருக்கும். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியவற்றை முன்னாலேயே முடித்துவைத்தால் நேரம் பாதியாகும், அதற்குப் பைசா செலவில்லை.

ஃபர்னஸ் மின்சாரத்தையும் நைட்ரஜனையும் காலியாக ஓடும்போதும் தின்கிறது. பெல்ட்டில் இடைவெளி விழாமல் கோர் போக வேண்டும். அதற்கு ஃபர்னஸுக்கு முன்னால் சில மணி நேரச் சரக்கு வேண்டும், சில நாட்களுக்கானது வேண்டாம். தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோடு நிறைந்தால் அசெம்பிளியை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு சூப்பர்வைசர் தயங்குவார், நீங்கள் ஒருமுறை பக்கத்தில் நின்று நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கும்.

படி 7: விலையை உலோகம் வேறு, வேலை வேறு என்று பிரியுங்கள்

இப்போது வாடிக்கையாளரிடம் போகலாம். “ரேட் கட்டுப்படியாகவில்லை” என்று சொல்வது பேரம். “உலோகம் இவ்வளவு, அதைப் பொருளாக்கும் கூலி இவ்வளவு, இதில் இந்த வரி மட்டும் இடிக்கிறது” என்று காட்டினால் அது கணக்கு.

ஒப்பந்தத்தில் அலுமினிய விலைத் திருத்தம் இருக்கும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதன் வாசகத்தை மறுபடி படியுங்கள். லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் விலை மட்டும் ஏறியிறங்குகிறதா, டாலர் மதிப்பும் சேர்ந்திருக்கிறதா? நீங்கள் வாங்குவது பூச்சுத் தகட்டுச் சுருள். அதன் உருட்டுக்கூலியும் பூச்சுக்கூலியும் எக்ஸ்சேஞ்ச் விலையில் வராது. திருத்தம் எந்த எடைக்கு? பொருளின் நிகர எடைக்கு மட்டும் கொடுத்தால், நீங்கள் வாங்கி வெட்டி எறியும் ஓரத் தகட்டின் விலையேற்றம் உங்கள் தலையில். மொத்த எடைக்குக் கேளுங்கள், ஸ்க்ராப் வரவைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்க்ராப்பையும் பிரித்து விற்க வேண்டும். பூச்சுத் தகடும் வார்ப்பு டேங்க் துண்டும் ஒரே மூட்டையில் போனால் கலப்பு விலைதான் கிடைக்கும்.

ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க உங்களிடம் இன்னொன்று உண்டு. லாரி ஃபேன் எடுக்கும் சக்தி, அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் சக்தி சுமார் 27 சதவீதம் குறையும். அதே வெப்பத்தைக் குறைந்த காற்றோட்டத்தில் வெளியேற்றும் கோரைக் கொடுத்தால் டீசல் மிச்சம், அதைப் பர்ச்சேஸ் ஆளிடம் அல்ல, டிசைன் என்ஜினியரிடம் பேசுங்கள். அவருக்கு இப்போது இடநெருக்கடி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, அதற்கான கருவிகள் என்ஜின் அறையை நிறைத்துவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகி, ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சரும் வந்து நிற்கிறது. கண்டென்சர் சூடாக்கிய காற்றுதான் இனி உங்கள் கோருக்கு. பழைய டிராயிங்கில் உள்ள ஃபின் அடர்த்தி இனியும் போதுமா என்ற கேள்வியை நீங்களே முதலில் எழுப்புங்கள். கேள்வியோடு சோதனை முடிவையும் கொண்டுபோனால் நல்லது. சொந்தமாக விண்ட் டன்னல் இல்லாதவர்கள் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையங்களில் விசாரிக்கலாம்.

படி 8: சான்றிதழ்

வாகனத் தொழிலுக்கான தரச் சான்றிதழான ஐ.ஏ.டி.எஃப். 16949 இல்லாமல் பெரிய கம்பெனிக்கு நேரடியாகச் சப்ளை செய்வது கடினம், அதனால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன லீக் வரைபடம், மாஸ்டர் சோதனை, தெர்மோகப்பிள் வரைகோடு ஆகியவைதான் அந்தத் தரமுறை கேட்கும் ஆவணங்களின் உள்ளடக்கம். அவை இருந்தால் ஃபைல் தானாக நிறையும். பிரேசிங்குக்கென்றே அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பான ஏ.ஐ.ஏ.ஜி. வெளியிட்ட சி.க்யூ.ஐ. 29 மதிப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. கனரக வாகன உதிரிபாகம்தான், சென்னையில்தான்.

சிறு நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசின் ‘செட்’ (குறைபாடும் சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கான) சான்றிதழ் திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள் உண்டு. கட்டணத்தில் குறுநிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதம் மானியம்.

படி 9: பணம் வரும் வழி

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவில் உங்கள் வகை இப்போது எது என்று சரிபாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துள்ளன. சிறு நிறுவனம் என்றால் இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. நடுத்தரம் என்று நினைத்திருந்த பலர் மறுபடி ‘சிறு’ வகைக்கு வந்திருக்கலாம். இது வெறும் பெயர் மாற்றமல்ல. 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின்படி 45 நாளுக்குள் பணம் வரவேண்டிய உரிமை குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை வாடிக்கையாளர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது.

வழக்குப் போட்டு வட்டி வாங்கினால் அடுத்த ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் உதவுவது, கெடுவுக்கு முன்பே பில் தொகையைப் பெறவைக்கும் ‘டிரெட்ஸ்’ இணையதளம். வாடிக்கையாளர் பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி செய்து பணம் கொடுக்கும், வட்டி அவருடைய கடன் மதிப்பை ஒட்டி இருக்கும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்துவிட்டு பில்லை ஏற்றாமல் இருப்பவர்களும் உண்டு. விலைப் பேச்சின்போது இதையும் ஒரு நிபந்தனையாகக் கேளுங்கள்.

படி 10: லாரியை மட்டும் நம்பாதீர்கள்

லாரிச் சந்தை ஏறி இறங்கும் சந்தை, 2019-20-ல் அடிவாங்கியவர்களுக்கு விளக்க வேண்டாம். பக்கத்து வேலைகளைப் பாருங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுகின்றன. ஓடும் லாரிக்குக் கிடைக்கும் எதிர்க்காற்று நின்ற இடத்தில் முழுச் சுமையில் வேலை செய்யும் ரிக்குக்குக் கிடையாது, போதாததற்குத் துளையிடும் தூசு வேறு. கம்ப்ரசர் ஆயில் கூலரும் ரேடியேட்டரும் அங்கே அடிக்கடி மாற்றப்படும் பொருட்கள். தூசு அடைக்காத அகலமான ஃபின் இடைவெளியோடு, கழுவுவதற்கு வாகாக ஒரு மாடல் செய்தால் ரிக் ஓனர்கள் விலை பார்க்கமாட்டார்கள். ஒருநாள் ரிக் நின்றால் ஆகும் நஷ்டம் அவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர், டிராக்டர், ஜே.சி.பி. வகை இயந்திரங்கள் அடுத்த வட்டம். ஆனால் லாரிக் கம்பெனியின் பணத்தில் செய்த டையில், அவர்கள் டிராயிங்கில், வெளிச்சந்தைக்கு ஒரு கோர்கூட அடிக்காதீர்கள். மொத்த உறவும் போய்விடும்.

மின்சார லாரி வந்தால் ரேடியேட்டருக்கு வேலையில்லை என்ற பயம் பாதிதான் சரி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் குறைந்த சூட்டில் ஓடும் தனிச்சுற்று வேண்டும். ஹைட்ரஜன் ஃபியூவல் செல் லாரிக்கோ டீசலைவிடப் பெரிய ரேடியேட்டர் தேவை. டீசல் என்ஜின் தன் வெப்பத்தில் பெரும்பங்கைப் புகைக்குழாய் வழியே தள்ளிவிடும். ஃபியூவல் செல் அப்படிச் செய்யாது, ஏறக்குறைய எல்லாம் கூலன்ட் வழியேதான் வர வேண்டும், அதுவும் 80 டிகிரியை ஒட்டிய சூட்டில். வெளிக்காற்றுக்கும் கூலன்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் கோர் பெரிதாகத்தானே வேண்டும்.

அந்த வேலைக்கு விலைப்பட்டியல் கேட்டு யாராவது வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் உட்புறச் சுத்தத்தின் வரம்பைக் கேளுங்கள். ஃபியூவல் செல் கூலன்டில் மின்கடத்துத்திறன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். டியூபுக்குள் தங்கிய ஃப்ளக்ஸ் மிச்சம் கரைந்து அதைக் கெடுக்கும். உட்புறத்தில் ஃப்ளக்ஸ் படாமல் பிரேஸ் செய்வது, பிறகு தூய நீரில் கழுவி, கழுவிய நீரின் கடத்துத்திறனை அளந்து சான்று கொடுப்பது இரண்டுக்கும் ஆகும் செலவைச் சேர்க்காமல் சாதாரண ரேடியேட்டர் விலையில் கொட்டேஷன் கொடுத்துவிடாதீர்கள்.